முகப்புப் பக்கத்தில் நைனா

ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் தாமோதரனின் கயிற்றுக் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. கீழே நைலான் கயிறு, வலை, மிதவை எல்லாம் விற்கும். மேலே மாடி அறையில் செங்கொடி இணையதளம் செய்து விற்றாள். தெருவிலிருந்து நேராக மேலே ஏற ஓர் இரும்புப் படிக்கட்டு இருந்தது. அதன் கைப்பிடியின் அடியில் ஒரு கொக்கி.

பகல் சாப்பாட்டு வேளைக்கு ஒரு பழைய சைக்கிள் வந்து அங்கே நிற்கும். மணி அடிக்கும். செங்கொடி எழுந்து ஜன்னலுக்கு வருவதற்குள் அடுக்குக் கேரியர் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும், சைக்கிள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கும். வந்து போனவர் அவளைப் பெற்ற பரசுராமன். வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலிருந்து வெயிலில் பாலம் ஏறி இறங்கி மகளுக்குச் சோறு கொண்டுவருவார். மகளின் ஆபீசுக்குள் மட்டும் கால் வைக்க மாட்டார்.

ஏன் என்று கேட்டால் மூட்டுவலி என்பார். அவர் குடியிருந்தது வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில். அங்கே குழாயில் தண்ணீர் வராத நாட்களில் குடம் குடமாகக் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு ஏறுகிற மனிதர். மூட்டுவலி என்னவோ ராயபுரத்தில் மட்டும்தான் வந்தது.

உண்மையான காரணம் லட்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

பரசுராமன் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில், அதாவது ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில், ஃபிட்டர். யூனியன்காரர். பெண் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வராமல் ஒர்க்ஸ் கேட்டில் கொடி பிடித்து நின்றார் என்பது அவர் மனைவி வேம்புவின் தீராத குறை. பெயரை மட்டும் ஓடோடி வந்து வைத்துவிட்டார். வீட்டுக் கூடத்தில் புத்தர் படம், அம்பேத்கர் படம், இரண்டுக்கும் நடுவில் செங்கொடி பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பை. படி, பரீட்சை எழுது, சர்க்கார் உத்தியோகத்தில் உட்கார் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். வேறு எதையும் அவர் அவளிடம் கேட்டதில்லை.

அவளும் படித்தாள். பி.காம். முடித்து ரயில்வே பரீட்சையும் எழுதினாள். தொண்ணூற்றெட்டில் அரக்கோணத்தில் குமாஸ்தா வேலைக்கு உத்தரவு வந்தது. பரசுராமன் அன்றைக்கு செக்‌ஷன் முழுக்க லட்டு கொடுத்தார். தன் செக்‌ஷனோடு நின்றாரா என்றால் இல்லை, பெயின்ட் ஷாப், வீல் ஷாப் என்று தட்டை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார். பேச்சுவார்த்தை இல்லாத எதிர் யூனியன்காரனுக்குக்கூட வாயில் ஊட்டிவிட்டார் என்று சொல்வார்கள்.

செங்கொடிக்கு அதற்குள் வேறு பைத்தியம் பிடித்திருந்தது. கல்லூரி முடித்த கையோடு ராயபுரத்தில் ரஷீது பாயின் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குப் போயிருந்தாள். அங்கே வாங்கி மூடி வைத்திருந்த கம்ப்யூட்டரை முதலில் தொட்டவள் அவள்தான். மாதக்கணக்கில் அதன் முன்னால் உட்கார்ந்து தானாகவே கற்றுக்கொண்டாள். வேலைக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த தகப்பன் முன்னால் போய் நின்றாள்.

“நா அரக்கோணம் போவல நைனா. சொந்தமா கம்ப்யூட்டர் சென்டர் வெக்கப்போறேன்.”

பரசுராமன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று இன்றைக்கும் வேம்பு சொல்வாள். கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

“ஊரெல்லாம் லட்டு துன்னுட்டாங்கோ, கொடி,” என்றார். “நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு உள்ள போவேன்?”

அப்புறம் எழுந்து கை கழுவிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டில் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிவந்தார், மழை வந்தால் பஸ் நிறுத்தத்தில் குடையோடு நின்றார். மகளின் வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. யாராவது கேட்டால், “மேல ஒரு ரூம்புல இன்னாவோ பண்ணிக்கினு கீது,” என்பார். அவள் தன் கடைக்கு ‘தண்டவாளம்’ என்று பெயர் வைத்தாள். அவரைச் சமாதானப்படுத்தத்தான் அப்படி வைத்தாள், அது அவருக்கும் தெரியும். “ரயிலே இல்லாம எதுக்குத் தண்டவாளம்?” என்று வேம்புவிடம் கேட்டாராம். அவளிடம் கேட்கவில்லை.

செங்கொடி காலையில் ஒரு டீயோடு போய் சாயங்காலம் வரைக்கும் பட்டினி கிடக்கிறாள் என்று தெரிந்ததும் வேம்பு சோறு கட்ட ஆரம்பித்தாள். ஓய்வுபெற்று வீட்டில் இருந்த பரசுராமன், யாரும் சொல்லாமலே கேரியரை எடுத்து சைக்கிளில் மாட்டினார். கொக்கியை அடித்தவரும் அவரே. தாமோதரனிடம் சுத்தியல் வாங்கி அடித்துவிட்டுப் போனார்.

செங்கொடிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் படியில் நைனா ஏறி வர வேண்டும். தான் உட்காரும் நாற்காலியை, தன் மேசையை, தான் செய்கிற வேலையை ஒரு தடவை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். தொழில் வளர்ந்தது, பெயர் வந்தது, எல்லாம் சரி. கேரியரைத் திறக்கும்போது நினைவுக்கு வரும் அந்த ஒரு குறை மட்டும் தீரவில்லை.

தொழில் எப்படி வளர்ந்தது என்று கேட்டால், சாவிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வருஷம் கல்யாணப் பத்திரிகையும் மஞ்சள் நீராட்டு நோட்டீசும் செய்தாலும், நிற்காமல் வந்த வேலை கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வடசென்னையில் ஒருவர் கண்ணை மூடினால் அவர் வீட்டுக்குப் பந்தல்காரன் வருவதற்கு முன்னால் போஸ்டருக்கு ஆள் போய்விடும். அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் பதினாறாம் நாள் வரைக்கும் சண்டை நடக்கும். ஆகையால் செங்கொடி போட்டோவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க மாட்டாள். வந்தவரை உட்காரவைத்து, டீ சொல்லி, செத்தவர் என்ன செய்தார், யாரோடு பழகினார், யார் மனசு கஷ்டப்படும் என்று கேட்டுக்கேட்டு எழுதிக்கொள்வாள். வந்தவர் அழுதுவிட்டு, கொஞ்சம் ஆறுதலாகப் படியிறங்குவார். அவளிடம் வேலை கொடுத்தவர்கள் அடுத்த சாவுக்கும் அவளிடமே வந்தார்கள்.

இரண்டாயிரத்தில் தாமோதரன் மேலே ஏறி வந்தார். விசாகப்பட்டினத்து ஆட்கள் கயிற்றுக்கு விலை கேட்கிறார்கள், எல்லாவனும் வெப்சைட் உண்டா என்கிறான், அது என்ன எழவு என்று விசாரித்தார். செங்கொடி அதைத்தான் புத்தகம் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் வழக்கம்போல டீ சொல்லி, உட்காரவைத்து, கடையின் கதையைக் கேட்டாள்.

“கயிறெல்லாம் அப்பால போடு,” என்றார் தாமோதரன். “மொதல்ல எங்க நைனா படத்த மேல போடு. அவரு இல்லாம கட ஏது?”

ராயபுரத்துக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கல்லாவுக்கு மேலே, கடையை ஆரம்பித்த பெரியவரின் படம் மாலையோடு மாட்டியிருக்கும். இரண்டு பக்கமும் சின்னதாக மின்விளக்கு சுடர் மாதிரி ஆடும். உள்ளே வருகிறவன் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பான். செங்கொடியிடம் வேலை செய்த விமல், மீனவர் குடும்பத்துப் பையன், கல்லூரி முடித்து வந்தவன், படம் வரைவதில் கெட்டி. அவன் இரண்டு நாள் உட்கார்ந்து நிஜமாகவே ஆடுகிற சுடரைச் செய்தான். தாமோதரனின் நைனா நடுவில், இரண்டு பக்கமும் விளக்கு, கீழே கயிறு, வலை, தொலைபேசி எண். தாமோதரன் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு ஐஸ் ஃபேக்டரி, விசைப்படகுக்கு அடியில் சுழலும் விசிறி வார்க்கும் பட்டறை, கருவாட்டு மண்டி என்று வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் படமும் விளக்குமாகப் பக்கத்தின் தலையில் ஓடும் அந்த மேல்பட்டை அப்படியே வேண்டும். படகு எஞ்சின் பழுது பார்க்கும் லூர்துவுக்கு விளக்குக்குப் பதில் மெழுகுவத்தி. ரஷீது பாய் படம் வைக்க மாட்டார், அவருக்கு அச்சகத்தின் வாசற்கதவைப் போட்டுக் கொடுத்தாள். நுங்கம்பாக்கத்துக் கம்பெனிகள் பார்த்தால் சிரித்திருக்கும். சிரிக்கட்டுமே, கயிறு வாங்குகிறவன் நுங்கம்பாக்கத்திலா இருக்கிறான்?

இரண்டாயிரத்திரண்டில் தண்டவாளத்துக்கே ஓர் இணையதளம் வேண்டியிருந்தது. வருகிற வாடிக்கையாளர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “உங்க கம்பெனில பெரியவரு யாரும்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் படமும் இல்லை, நாற்காலியில் ஆளும் இல்லை. செங்கொடிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆள்தான் ஏறி வரவில்லை, படமாவது வரட்டும் என்று நினைத்தாள். நினைத்தபோதே கண் கலங்கியது.

பரசுராமன் கேமராவைக் கண்டால் முறைக்கிற ஜாதி. அடையாள அட்டைப் படத்தில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருப்பார். வீட்டில் இருந்த படங்களில் அவர் சிரித்த படம் ஒன்றுதான், ஓய்வுபெற்ற நாளில் எடுத்தது. தோழர்கள் இரண்டு பக்கமும் நின்று தோளை அழுத்திப் பிடித்திருக்க, கழுத்து நிறைய ரோஜா மாலையோடு, வெட்கப்பட்டுச் சிரிப்பார். செங்கொடி அதை வேம்புவிடம் கேட்டு வாங்கி, பக்கத்திலிருந்த தலைகளை வெட்டிவிட்டு, நைனாவை மட்டும் எடுத்துத் தயாராக இருந்த மேல்பட்டையின் நடுவில் வைத்தாள். சில கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால், எழுத்தையும் படமாக்கி ஒட்டினாள்: ‘எங்களை ஆளாக்கிய திரு. பரசுராமன், கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர்.’

இரண்டு பக்கமும் விளக்கு ஆடிக்கொண்டிருந்தது. தினமும் பத்து பேருக்கு அதே விளக்கைப் போட்டுப் போட்டுப் பழகிய கண்ணுக்கு அது விளக்காகவே தெரியவில்லை. விமலும் பார்த்தான். “ஷோக்கா கீதுக்கா,” என்றான். ஞாயிற்றுக்கிழமை நைனாவை வீட்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு எப்படியாவது இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவதாகத் திட்டம்.

ஞாயிறு வரைக்கும் உலகம் பொறுக்கவில்லை. பரசுராமனோடு ஒரே செக்‌ஷனில் வேலை செய்த சங்கரநாராயணனுக்கு கீர்த்தி என்று ஒரு மகள், வேலை தேடிக்கொண்டிருந்தாள். பரசுராமன் பெண் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துகிறதாமே, பார் என்று அவர்தான் சொல்லியிருந்தார். அவள் பெரம்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்தாள். மாலை, இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் பரசுராமன் மாமா. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். சங்கரநாராயணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சேதி கூடச் சொல்லி அனுப்பவில்லையே, லட்டு விஷயத்தைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணினோமே, அந்தக் கோபமோ என்று புலம்பினார். பிறகு நாலு தோழர்களைக் கூட்டி, பெரிய ரோஜா மாலை ஒன்று வாங்கி, ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு எம்.கே.பி. நகருக்கு வந்து, மூன்று மாடி ஏறி, துக்கத்தோடு கதவைத் தட்டினார்கள்.

கதவைத் திறந்தவர் பரசுராமன். லுங்கியும், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையும், கையில் ரேசரும்.

முன்னால் நின்ற தோழர் ஒரு படி பின்வாங்கினார்.

“பரசு,” என்றார் சங்கரநாராயணன். “நீ கீறியா?”

“கீறேனே. இன்னாத்துக்கு மால? எவனுக்குக் கண்ணாலம்?”

“கம்ப்யூட்டர்ல போட்டுக்குதுப்பா. நீ பூட்டேன்னு.”

“எந்தக் கம்ப்யூட்டர்ல?”

“உன் பொண்ணு கம்ப்யூட்டர்லதான்.”

உள்ளேயிருந்து வந்த வேம்பு, மாலையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நடந்தது புரிந்ததும் சுவரோரம் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். பரசுராமன் ஒரு பக்கக் கன்னத்தைத் துண்டால் துடைத்தார். சட்டையை மாட்டினார், கட்டி வைத்திருந்த கேரியரை எடுத்தார், சங்கரநாராயணன் கையிலிருந்த மாலையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார்.

அன்றைக்கு ராயபுரத்தில் சைக்கிள் மணி அடிக்கவில்லை. இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்துச் செங்கொடி தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய காலடிதான். அந்தப் படியில் அதைக் கேட்டதில்லை என்பதால் அடையாளம் தெரியவில்லை.

“கொடி,” என்றது குரல். “நா செத்துட்டேனாமே.”

அவள் திரும்பினாள். வாசலில் நைனா. பாதி மழித்த முகம், ஒரு கையில் கேரியர், மறு கையில் தரையைத் தொடுகிற மாலை. அவர் என்ன சொன்னார் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. அவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் தெரிந்தது. எழுந்து நின்றவள் அப்படியே நின்றாள்.

விமல்தான் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டான். “குந்துங்க நைனா.” அவர் உட்கார்ந்தார். அவன் திரையை அவர் பக்கம் திருப்பினான். பரசுராமன் லுங்கி முனையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெடுநேரம் தன்னையே பார்த்தார். அதற்குள் கீழேயிருந்து தாமோதரனும் வேடிக்கை பார்க்க ஏறி வந்துவிட்டார்.

“வெளக்கு ஆடுதே,” என்றார் பரசுராமன். “உள்ள காத்து எங்கேந்து வருது?”

“சொம்மா ஆடுற மாதிரி பண்ணதுதான் நைனா,” என்றாள் செங்கொடி. “தெரியாம போட்டுட்டேன். எல்லாருக்கும் போடுறதால, எனக்குத் தோணல. நா போயி உனக்கு…”

“அத்த அணை மொதல்ல.”

அவள் குனிந்து ஏதோ செய்தாள். விளக்கு இரண்டும் போய்விட்டன.

“மாலயயும் எடுத்துரட்டுமா?”

“அது எப்ப எட்த்த போட்டோ?”

“உன் ரிட்டயர்மென்ட் அன்னிக்கு.”

“அப்ப இருக்கட்டும்,” என்றார். “அது வேல செஞ்சி வாங்குன மால.”

கீழே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னா கொடி இப்டி எய்திக்கிற? நா எங்க உன்ன ஆளாக்குனேன்? மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீயவே நின்னவன் நானு.”

“தெனம் சோறு யாரு கொணாந்தது?”

பரசுராமன் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை மேல் வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“மணி அடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னு கேப்பேன். மேல அந்த டைப் அடிக்கிற சத்தம் வரும். எங்க ஷாப்புல மெஷின் ஓடுற சத்தம் கேட்டா வேல நடக்குதுன்னு அர்த்தம். இங்கயும் நடக்குதுன்னு தெரிஞ்சிக்கினு பூடுவேன். ஒருநாள் அது நின்னிருந்தா ஏறி வந்திருப்பேன், கொடி. சத்தியமா வந்திருப்பேன்.”

செங்கொடி அழுதாள். ஆபீஸ், ஆட்கள், தாமோதரன் என்று எதையும் பார்க்காமல், சின்னப் பெண் மாதிரி அழுதாள். பரசுராமன் எழுந்து அவள் தலையில் கை வைத்தார். அப்புறம் கேரியரைத் திறந்து, “ஆறிடப்போவுது, துன்னு,” என்றார். விமலையும் உட்காரச் சொன்னார். கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. தாமோதரன் கூப்பிடாமலே உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து பரசுராமனின் மூட்டுவலி போன இடம் தெரியவில்லை. சோறு கொண்டுவருவார், ஏறுவார், ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார், சாயங்காலம்தான் போவார். கொக்கியில் அவர் குடை தொங்க ஆரம்பித்தது.

சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். யூனியனுக்கு ஆள் சேர்த்த வாய். இணையதளம் எதற்கு என்று கேட்டவர்களிடம் அவர் சொன்ன கதை ஒன்றுதான். “தோ பாரு. நா உயிரோட வூட்ல சவரம் பண்ணிக்கினு கீறேன். கம்ப்யூட்டர்ல பாத்துட்டு நாலு பேரு மால வாங்கினு வந்துட்டான். இல்லாத சாவயே நம்புறாங்கோ. நீ ஒய்ங்கா வாக்குற இரும்ப நம்ப மாட்டாங்களா?” சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சிரித்தவர்களில் பாதிப் பேர் வேலை கொடுத்தார்கள். செங்கொடியின் அவமானமான தவறு இப்படித்தான் தண்டவாளத்தின் முதல் விளம்பரம் ஆயிற்று. அதைவிட நல்ல விளம்பரத்தை அவள் பிற்பாடு யாருக்கும் செய்ததில்லை என்று அவளே சொல்வாள்.

சாவுச் சேதி கொண்டுபோன பாவத்துக்கோ என்னவோ, கீர்த்தி அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். இணையத்தில் தேடுகிறவன் கண்ணில் முதலில் படும்படி காசு கட்டி விளம்பரம் செய்யும் வேலை அப்போது புதிதாக வந்திருந்தது. அதை அவள் பிடித்துக்கொண்டாள். நண்டு ஏற்றுமதி செய்கிறவர், கன்டெய்னர் லாரிக்காரர், மாதவரத்தில் குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்தவர் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். மாடி முழுவதும் தண்டவாளத்துக்கு ஆனது, பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். யார் வந்தாலும் முதலில் டீ, பிறகு கதை, அதற்குப் பிறகுதான் வேலை என்ற வழக்கம் மாறவில்லை. போனை மட்டும் பரசுராமன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். “அல்லோ, தண்டவாளம். இன்னா வோணும்?” கீர்த்தி அவருக்கு ‘வணக்கம்’ சொல்லப் பழக்கிப் பார்த்துத் தோற்றுப்போனாள். பழைய வாடிக்கையாளர்கள் அந்தக் குரலைக் கேட்கவே போன் செய்தார்கள்.

இரண்டாயிரத்தெட்டு மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஒர்க்ஸில் இத்தனை வருஷம் சுவாசித்த இரும்புத் தூள் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அதிக நாள் இருக்கவில்லை. கடைசியாகப் பேசியது வேம்புவிடம், “கொடி சாப்ட்டாளா?” என்று கேட்டதுதான்.

போஸ்டரை நான் செய்கிறேன் அக்கா என்று விமல் எவ்வளவோ சொன்னான். செங்கொடி கேட்கவில்லை. தானே உட்கார்ந்து செய்தாள். எத்தனையோ பேரை எதிரில் உட்காரவைத்துக் கேட்ட கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். என்ன செய்தார், யாரோடு பழகினார், யார் மனசு கஷ்டப்படும். தோழர்கள், தாமோதரன், ரஷீது பாய், லூர்து, ஆபீஸ் பிள்ளைகள், டீக்கடைக்காரர் என்று ஒரு பெயரும் விடவில்லை. விளக்கும் போட்டாள். வியாசர்பாடியிலிருந்து ராயபுரம் வரைக்கும் சுவர் சுவராக ஒட்டினார்கள்.

ஊர் நம்பவில்லை. அதுதான் கொடுமை. போஸ்டரைப் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே போன் செய்தார்கள். சங்கரநாராயணன்கூட அப்படித்தான் பண்ணினார்.

“இந்தத் தபாவும் தப்பா போட்டுட்டியாம்மா?” என்றார்.

“இல்ல மாமா,” என்றாள் செங்கொடி. “இந்தத் தபா மெய்தான்.”

ஒவ்வொருவருக்கும் அவளே சொன்னாள். சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே உறைத்தது.

காரியமெல்லாம் முடிந்து ஆபீஸ் திறந்த அன்று, விமல் தயங்கித் தயங்கி வந்து நின்றான். தண்டவாளத்தின் முகப்புப் பக்கம் திரையில் திறந்திருந்தது. ரோஜா மாலையோடு நைனா வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா. நம்ம சைட்டுல… வெளக்கு போட்டுறட்டுமா?”

செங்கொடி திரையிலிருந்த முகத்தைப் பார்த்தாள்.

“செவுத்துல போட்டாச்சே விமல். அது போதும். இங்க அவரு அணைக்கச் சொன்னாரு, அப்டியே இருக்கட்டும்.”

அடுத்த வருஷம் ஒரு பகல் வேளை. கேரியரை இப்போதெல்லாம் அவளே காலையில் கொண்டுவந்துவிடுகிறாள். அதைத் திறக்கப் போனபோது போன் அடித்தது. எண்ணூரில் பட்டறை வைத்திருக்கும் புது ஆள் ஒருவர். இணையதளம் வேண்டுமாம், இவர்களுடையதைப் பார்த்தாராம்.

“மேல மாலயோட சிரிச்சிக்கினு கீறாரே, பெரியவரு. பாத்தாலே மன்சுக்குப் புடிச்சிப்போச்சு. அவருகிட்ட ஒரு வார்த்த பேசணும்மா. இருக்காரா?”

செங்கொடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். படிக்கட்டின் அடியில் கொக்கி இருந்தது. அதில் ஒன்றும் தொங்கவில்லை.

“சாப்பாடு எடுத்தாரப் போயிருக்காருண்ணா,” என்றாள். “நீங்க எங்கிட்ட சொல்லுங்க. மொதல்ல பட்டறைய யாரு ஆரம்பிச்சது, அத்தச் சொல்லுங்க.”

அவர் சொல்ல ஆரம்பித்தார். அவள் கேரியரைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.